நாலாவது இழை

எங்கள் ஊர் ஒயரிங் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். சங்கத்துக்கு மலர் போடுகிறார்களாம். "எந்த சாமானுக்கு எந்த ஒயருன்னு இப்போ அட்டவணை கீது, போன்லயே பார்த்துக்கறோம். உங்க காலத்துல எப்படிம்மா முடிவு பண்ணீங்க? ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நான் மூன்றாவது வகுப்பு வரைதான் போனவள். என் எழுத்து பெரிசு. ஒரு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். சொன்னபடி அடங்கவும் இல்லை.

நான் பிறந்தது நகரியில், தறிக்காரர் வீட்டில். எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு நடக்க வரும்போதே நூல் சுற்றவும் வந்துவிடும். நாற்பதாம் நம்பர் நூலா, அறுபதா என்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டியே சொல்லிவிடுவோம். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் நாலே வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். கட்டட வேலைக்குப் போனேன். சாந்து சுமந்தேன். சுவரில் கட்டை பதிக்க ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அப்படி ஒரு கட்டடத்தில்தான் தேவசகாயம் மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

மேஸ்திரி ஒயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். பழைய மிஷன் சபைக் குடும்பம். பழைய சென்னை ராஜதானி லைசென்ஸ் வைத்திருந்தார். அன்றைக்கு அவருடைய ஆள் ஒருவன் ஒயர்ச் சுருளை மாற்றிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். சாந்துச் சட்டியோடு நின்ற நான், "அது மெலிசு, மேஸ்திரி சொன்னது இது" என்று இன்னொரு சுருளைக் காட்டினேன். மேஸ்திரி இரண்டையும் கத்தியால் சீவிப் பார்த்தார். நான் சொன்னது சரி. "சட்டியைக் கீழ வைம்மா" என்றார். அதோடு சாந்துச் சட்டி போனது. இரண்டு வருடத்தில் அளப்பது, அறுப்பது, மரக் கேசிங்கில் ஒயரைப் படுக்கவைத்து மேலே மூடி போட்டுத் திருகுவது எல்லாம் கற்றுக்கொண்டேன். சித்தூரில் அந்த வேலை செய்த பெண்பிள்ளை அப்போது நான் ஒருத்திதான். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

பிள்ளைகள் கேட்டதற்கு வருகிறேன்.

மேஸ்திரி ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் சுவரைப் பார்க்கமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் ஒரு கோணியை விரித்து உட்காருவார். வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "சுத்தறதும் எரியறதும் இருக்கட்டும்மா. காயறது எல்லாத்தையும் கொண்டாந்து என் முன்னால வைங்க" என்பார். சுத்துவது என்றால் மின்விசிறி, எரிவது என்றால் பல்பு. இதெல்லாம் கரண்டைக் கொஞ்சமாகக் குடிக்கும். காய்வது என்றால் இஸ்திரிப் பெட்டி, ஸ்டவ், வெந்நீர் பாய்லர். ஒயரை வதைப்பது இதுகள்தான். அதனால் லைட்டுக்குத் தனி லைன், காய்வதற்குத் தனி லைன்.

ஒவ்வொரு சாமானையும் கவிழ்த்து அடியில் இருக்கும் தகட்டில் வாட் எவ்வளவு என்று பார்ப்பார். ஆயிரம் வாட்டுக்கு நாலரை ஆம்பியர். இதுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வாய்ப்பாடு. ஒரே சமயத்தில் போடக்கூடிய சாமான்களையெல்லாம் கூட்டுவார். வீட்டு அம்மாக்கள், "நாங்க ஒண்ணா போடமாட்டோம் மேஸ்திரி" என்பார்கள். "கார்த்திகை மாசம் மழையில போடுவீங்கம்மா" என்று சொல்லிக் கூட்டிவிடுவார். காதில் செருகிய பென்சிலை எடுத்து, கேசிங் கட்டையின் அடிப்பக்கத்தில் கணக்குப் போடுவார். போர்டிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் அடி வைத்து நடப்பார். தூரம் கூடினால் ஒயரும் ஒரு படி கூடும். கடைசியில்தான் ஃப்யூஸ். "ஒயரு சாகறதுக்கு முன்னால ஃப்யூஸ் செத்துடணும் கன்னிம்மா" என்பார். என் பெயர் கன்னியம்மா.

ஒருமுறை ஒரு வக்கீல் வீட்டில் அந்த அம்மா ஸ்டவ் ஒன்றை மட்டும் கொண்டுவந்து வைத்தார். மேஸ்திரி அங்கே மடித்துக் கிடந்த கம்பளியைப் பார்த்தார். அதில் முக்கோணமாக ஒரு கருகல். ஒன்றும் கேட்கவில்லை. கட்டையின் அடியில் ஸ்டவ்வின் கணக்கோடு இன்னொரு அறுநூறு வாட்டைக் கூட்டி எழுதினார். வெளியே வந்தபோது நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காத. வக்கீலுக்குத் தெரியாம இஸ்திரிப் பெட்டி வாங்கியிருக்காங்க. நம்ம வேலை ஒயருக்குக் கணக்கு சொல்றது, வக்கீலுக்கு இல்ல" என்றார்.

அந்தக் காலத்து ஒயருக்கு இரண்டு எண் உண்டு. மூன்றுக்கு இருபத்தொன்பது, ஏழுக்கு இருபத்தொன்பது என்று சொல்வோம். முதல் எண், உள்ளே எத்தனை செம்பு இழை என்பது. இரண்டாவது, ஒவ்வோர் இழையின் தடிமன். மூன்று இழை ஒயர் பத்து ஆம்பியர் தாங்கும். ஏழு இழை இருபது தாங்கும். இழைக்கு மேல் ரப்பர், ரப்பருக்கு மேல் மெழுகு தடவிய நூல் பின்னல். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்புக் கயிறுதான். இங்கிலீஷில் எழுதிய சீட்டு கட்டியிருக்கும். எனக்கு அது வாசிக்க வராது. அதனால் சித்தூரில் மேஸ்திரி வைத்திருந்த கடைக்குப் புதுச் சுருள் வந்தால் முனையைச் சீவி இழையை எண்ணுவேன். மூன்றுக்கு வெள்ளை நூல், ஏழுக்குச் சிவப்பு நூல் கட்டிவைப்பேன். இது என் ஏற்பாடு. மேஸ்திரியே அந்த நூலைப் பார்த்துத்தான் சுருளை எடுப்பார்.

அவர் நூலைப் பார்த்து எடுத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. அவர் கண்ணில் பால் மாதிரி புரை படர்ந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படிப்பார். இழையை எண்ணுவது என் வேலை என்று ஆகிவிட்டது. அவர் கேட்பார், நான் சொல்வேன், அவர் ஸ்குரூவை முடுக்குவார்.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகி, திருத்தணி எந்தப் பக்கம், சத்தியவேடு எந்தப் பக்கம் என்று டீக்கடையெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் முன்யோசனையாகக் குடும்பத்தை ஆந்திராப் பக்கம் நகர்த்தினார்கள். எங்களுக்குக் கை ஒழியாத வேலை. அப்படித் திருத்தணியிலிருந்து வந்த ரெவின்யூ அதிகாரி ஒருவர், திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டினார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். அவர் மகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். பச்சைக் குழந்தைக்கு வெந்நீர் வேண்டும் என்று பட்டணத்திலிருந்து ஸ்டவ்வும் பாய்லரும் வாங்கியிருந்தார். ஸ்டவ் இரண்டாயிரம் வாட், பாய்லர் ஆயிரத்து ஐந்நூறு. மேஸ்திரி கணக்குப் போட்டார். "பதினாறு ஆம்பியர் வரும். ஏழு இழை போடு கன்னிம்மா" என்றார்.

அந்த வேலைக்கு ஒயர் எங்கள் கடைக்கு வரவில்லை. சரக்குத் தட்டுப்பாடு. மேஸ்திரி வேறு இடத்தில் சொல்லி, ரயிலில் நேரே திருப்பதிக்கு வரவழைத்தார். மூன்று சுருள். என் நூல் எதிலும் இல்லை. வழியில் சீட்டும் கிழிந்துபோயிருந்தது.

கத்தியை எடுத்துச் சீவி எண்ணியிருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. அப்போது அந்த அதிகாரி, உறவுக்காரர் நாலு பேரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி பெருமையாக, "எங்க கன்னிம்மா தொட்டே சொல்லிடும் ஐயா" என்று சொல்லிவிட்டார்.

"நிஜமா? கண்ணு மூசுகொனி செப்பம்மா, சூத்தாம்" என்றார் அதிகாரி. கண்ணை மூடிக்கொண்டு சொல், பார்க்கலாம் என்கிறார்.

நான் மூடினேன். முதல் சுருள் மெலிசு. "இது மூணு" என்றேன். ஒருவர் கத்தியால் சீவினார். மூன்றுதான். இரண்டாவதும் மெலிசு. "இதுவும் மூணு." சீவினார்கள், சரி. மூன்றாவது சுருள் விரலுக்குத் தடிமனாக நின்றது. "இது ஏழு."

"சாலு சாலு, போதும்" என்று அதிகாரி கை தட்டினார். "இந்தம்மா எங்க ஆபீசுல இருந்தா கிளார்க்கே வேணாம்." எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது சுருளை யாரும் சீவவில்லை. நானும் சீவவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சுருளைத்தான் சமையல்கட்டு வரைக்கும் படுக்கவைத்தேன். முனைகளை மேஸ்திரி சீவினார். போர்டு இருந்த மூலை இருட்டு. "ஏழுதானே?" என்று கேட்டார். நான் கேசிங் மூடியைத் திருகிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "ஏழுதான் மேஸ்திரி" என்றேன். அவர் இழைகளை முறுக்கி, மடித்துச் செருகி முடுக்கினார். மூன்று இழையை மடித்தால் ஆறு. விரலுக்கு ஏழு மாதிரிதான் இருந்திருக்கும். இருபது ஆம்பியருக்கு ஃப்யூஸ் போட்டார். மறுநாள் மின்சார இலாகா ஆள் வந்து மெகர் கருவியைச் சுற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்று கரண்ட் கொடுத்துவிட்டுப் போனார். மெகர் ரப்பர் நன்றாயிருக்கிறதா என்றுதான் பார்க்கும். உள்ளே செம்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

சித்தூருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் கடையில் துண்டு ஒயர்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். திருப்பதித் துண்டு ஒன்றை எடுத்தேன். சிவப்பு நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் முனையைச் சீவினேன். ரப்பர் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு ரப்பரை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் உள்ளே மூன்று இழை.

இன்னொரு துண்டைச் சீவினேன். மூன்று. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அது மில்லுகளுக்கு வாங்குகிற, அதிக வோல்டேஜ் தாங்கும் சரக்கு. அதற்கு ரப்பர் மொத்தம். நூலில் நாம் தொடுவது நூலையேதான். ஒயரில் தொடுவது அதன் சட்டையை. இத்தனை வருடம் எனக்கு அது தோன்றவில்லை.

திருப்பதியில் அன்றைக்குத்தான் அவர்கள் பால் காய்ச்சிக் குடிபுகுகிற நாள். ஸ்டவ்வும் பாய்லரும் ஒன்றாக ஓடும். பதினாறு ஆம்பியர் மூன்று இழையில் போகும். ஃப்யூஸ் இருபதுக்குப் போட்டிருப்பதால் அது போகாது. ஒயர்தான் வேகும், தேக்குக் கட்டைக்குள்ளே, பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிற அறைச் சுவரில்.

மேஸ்திரி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒயர்த் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு, நகத்தால் இழைகளைப் பிரித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. அதற்கப்புறமும் நகம் தேடியது. நாலாவது இழையைத் தேடியது. கொஞ்சநேரம் தேடிக்கொண்டே இருந்தது. நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திருப்பதியா?" என்றார்.

"ஆமா மேஸ்திரி."

திட்டுவார் என்று நின்றேன். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "கடைக்கு இப்போ வந்திருக்கிற சிவப்பு நூல் சுருளைத் தூக்கு. ஒன்பது மணி ரயிலு இன்னும் போயிருக்காது."

ரயில் பாகாலா தாண்டியது. நான்தான் ஆரம்பித்தேன். "மேஸ்திரி, கூலிக்காரி தப்பு பண்ணிட்டா, வேலையை விட்டுத் தூக்கிட்டேன்னு சொல்லிடுங்க. உங்க லைசென்ஸ் நிக்கும்ல."

"வேலை முடிஞ்ச சீட்டுல கையெழுத்து போட்டது யாரு? நீயா?"

"எண்ணாம சொன்னது நான்."

"அந்த சரக்கு மில்லு சரக்குன்னு அனுப்பினவன் எனக்கு லெட்டர்ல போட்டிருந்தான். சரியா படிக்க முடியல. படிச்சுக் காட்டுன்னு யாரையாவது கேக்க வெக்கமா இருந்துச்சு. வுட்டுட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ கண்ணை மூடிக்கினு சொன்ன. நான் தொறந்துக்கினே பார்க்கல. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

ஸ்டேஷனிலிருந்து அந்தத் தெருவுக்கு நான் ஓடினேன். சுருள் தோளில் இடித்தது. வாசலில் மாவிலைத் தோரணம், கூடம் நிறைய ஆட்கள். யாரையும் கேட்காமல் உள்ளே போய் மெயினை இறக்கினேன். மின்விசிறி நின்றது.

"யாருடி அது? பால் பொங்கற நேரத்துல கரண்டை நிறுத்துனது!" என்று சமையல்கட்டிலிருந்து வீட்டு அம்மா கத்தினார்.

கேசிங் மேல் கை வைத்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது. மூலையில் கட்டை திரும்புகிற இடத்தில் ரப்பர் வாடை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். அதிகாரி எழுந்து நின்று, "ஏமய்யா மேஸ்திரி, இன்னா இது? மங்கள காரியத்துல வந்து..." என்றார்.

மேஸ்திரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "ஐயா, சமையல்கட்டு லைன்ல தப்பு ஒயரு போட்டுட்டோம். ஸ்டவ்வும் பாய்லரும் அது தாங்காது. எல்லாத்தையும் பிடுங்கிட்டு வேற போடணும். இன்னிக்கே போட்டுடறேன்."

"நின்னே, நேத்துதான், இன்ஸ்பெக்டர் பார்த்து ஓகேன்னு சொன்னாரு!"

"அவரு மெகர்ல இது தெரியாதுங்க. நாங்கதான் சொல்லணும். அதான் வந்தோம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "இந்தம்மாதானே தொட்டே சொல்லுச்சு? அப்போ இன்னாத்துக்கு கை தட்டினோம்?" யாரும் சிரிக்கவில்லை. "இலாகாவுக்கு எழுதறேன். உங்க லைசென்ஸ் என்ன ஆகுதுன்னு பாருங்க."

"எழுதுங்க ஐயா. நானும் எழுதறேன். எனக்குக் கண்ணு சரியா தெரியல. ரெண்டு வருஷமாவே தெரியல. முனையில மூணா ஏழான்னு பார்க்கவேண்டியவன் நான்."

எனக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயத்தை அவர் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். நான் தலை குனிந்துகொண்டேன்.

வீட்டு அம்மா சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். அவர்தான் பேசினார். "தப்பு பண்ணவங்க ரயிலேறி வந்து சொல்றாங்க. நீங்க அப்புறமா கத்திக்கலாம். முதல்ல விறகு அடுப்பைப் பத்தவைங்க, குழந்தைக்குத் தண்ணி வேணும்." அப்புறம் என்னிடம் திரும்பி, "நீ ஆரம்பிம்மா" என்றார்.

விருந்தாளிகள் இலைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர்கள் தலைக்கு மேல் நாங்கள் மூடியைக் கழற்றினோம். மூலையில் ஒயர் பின்னல் மெழுகு உருகிக் கட்டையோடு ஒட்டியிருந்தது. மேஸ்திரி அதில் விரலை வைத்துப் பார்த்தார். அதிகாரியைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைக்கச் சொன்னார். அவர் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

சிவப்பு நூல் கட்டியிருந்த சுருளாயிருந்தும், முனை சீவும் நேரம் வந்ததும் மேஸ்திரி கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டார். "சத்தமா எண்ணு" என்றார். நான் எண்ணினேன். வீட்டு அம்மாவும் பக்கத்தில் நின்று, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணிக்கொண்டே வந்தார். ஏழுவரை எண்ணி, "சரி, முடுக்கு" என்றார். நாலு முனைக்கும் அப்படியே. சாயங்காலம் ஸ்டவ், பாய்லர் இரண்டையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கட்டையைத் தொட்டுப் பார்த்தோம். மற்ற சுவர் எப்படியோ அப்படி இருந்தது. அந்த அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டார். மேஸ்திரி சாப்பிடவில்லை, பாயசம் மட்டும் குடித்தார்.

அடுத்த நாளே மேஸ்திரி லைசென்சைத் திருப்பிக் கொடுக்க எழுதினார். என்னைத் துரத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் கடையையே மூடினார். அதிகாரி இலாகாவுக்கு எழுதவில்லை என்று பின்னால் தெரிந்தது. எழுதாததால் மேஸ்திரி தன் முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மகள் வீட்டோடு இருக்கத் திருத்தணிக்குப் புறப்பட்டார். கொஞ்ச நாளில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. அவரும் அதோடு அந்தப் பக்கத்து ஆளானார்.

அவரை ரயிலேற்றப் போனேன். மூட்டையை மேலே வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் நின்றேன். "வேற கடைல உங்க பேரைச் சொல்லி வேலை கேக்கட்டுமா மேஸ்திரி?" என்றேன்.

"சொல்லு. ஆனா முதல்ல திருப்பதியில நடந்ததைச் சொல்லிடு. அதைக் கேட்டப்புறமும் உன்னை நிக்க வெச்சுப் பேசினா, என் பேரைச் சொல்லு."

பஜார் தெருவில் பெரிய எலக்ட்ரிக் கடை ஒன்று இருந்தது. அங்கே போய் முதலாளி முன்னால் நின்றேன். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்கிற மாதிரி பார்த்தார். நான் திருப்பதி கதையை ஆரம்பித்தேன். கண்ணை மூடினது, சீவாமல் விட்டது, திரும்பிப் பார்க்காமல் ஏழு என்று சொன்னது, சுவர் சுட்டது, ஒன்றையும் விடவில்லை. அவர் பில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் முடித்தேன். அவர் என்னைப் போ என்று சொல்லவில்லை. பேனாவை மூடினார்.

"யாரும்மா உன் மேஸ்திரி?" என்று கேட்டார்.

அப்போதுதான் பெயரைச் சொன்னேன்.